ஏழு வீட்டு மூக்கு

ஒலாவா கல்யாணமாகி மூவால் பண்ணைக்கு வந்தபோது கூடவே வந்தவை மூன்று: ஒரு பெட்டித் துணி, ஒரு கறவை மாடு, அவள் அப்பா தன் பட்டறையில் அடித்துக்கொடுத்த ஒரு கை மில். இரண்டு இரும்பு உருளை, மேலே தகரக் கூம்பு, பக்கத்தில் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான் மில். மாடு ஆறாம் வருஷம் செத்துப்போனது. துணியெல்லாம் நைந்து கால்மிதியானது. மில் மட்டும் முப்பத்தொரு வருஷமாக நின்ற இடத்தில் நின்றது. அதன் பிடியை அவளும் விடவில்லை.

ஸ்டியோர்டால் பள்ளத்தாக்கில் பீரைக் கடையில் வாங்கினால் சிரிப்பார்கள். அவரவர் வயலில் விளைந்த பார்லியை மூட்டையோடு ஓடையில் ஊறப்போட்டு, தரையில் பரப்பி முளைகட்டி, சூளைப் பலகையில் கொட்டி ஆல்டர் விறகுப் புகையில் காயவைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து அரைத்து, அப்புறம்தான் தொட்டியில் இறக்குவார்கள். காய்ந்த முளைக்கு மால்ட் என்று பேர். அரைப்பது பெண்கள், வடிப்பது ஆண்கள். குடித்துவிட்டு யார் பேரைச் சொல்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அரவை லேசுப்பட்ட வேலை இல்லை. உமி முழுசாக இருக்க வேண்டும், உள்ளே இருக்கிற பருப்பு மட்டும் நாலாக உடைய வேண்டும். மாவாக அரைத்துவிட்டால் தொட்டிக்குள் களி மாதிரி கட்டிக்கொள்ளும், ஒரு சொட்டு கீழே இறங்காது. உடையாமல் விட்டால் சுடுதண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். ஒலாவா உருளைகளுக்கு நடுவில் சீட்டுக்கட்டுச் சீட்டு ஒன்றை நுழைத்துப் பார்த்து இடைவெளி வைப்பாள். அப்புறம் கண்ணுக்கு வேலை இல்லை, காதுதான். நல்ல மால்ட் உடையும்போது ஒரு சத்தம், ஈரம் இருந்தால் வேறு சத்தம். கல் ஒன்று விழுந்தால் அது உருளையைத் தொடுவதற்கு முன்பே அவள் கை நின்றுவிடும். முப்பத்தொரு வருஷத்தில் இதை யாரும் பாராட்டியதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை என்று சொன்னால் அது பொய். எதிர்பார்த்தாள், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பாராட்டெல்லாம் அவள் புருஷன் இங்வால்டின் மூக்குக்குப் போனது.

ஓடைக்கரையில் இருந்த சூளை ஏழு வீட்டுக்குப் பொது. இலையுதிர் காலத்தில் வீடு வீடாக முறை வரும். சூளைக்கு ஒரு பொறுப்பாளி உண்டு, அவனைச் சூளைக்காரன் என்பார்கள். எந்த வீட்டு முறையானாலும் கடைசி அரை நாள் அவன்தான் வந்து தீ முன்னால் உட்காருவான். சூட்டை ஏற்றுகிற நேரம் அது. கொஞ்சம் விட்டால் மால்ட் கருகும், இன்னும் கொஞ்சம் விட்டால் பலகையே தீப்பிடித்துக்கொள்ளும். கண்ணால் பார்த்தால் தெரியாது, மேலே முழங்கால் உயரத்துக்குத் தானியம் கிடக்கும். அடியில் தீயத் தொடங்குகிற வாசனை ஒன்று வரும், அடுப்பில் மறந்த ரொட்டி போல. அதைப் பிடித்தால் ஒரு மணி நேரம் கையில் இருக்கும். பிடிக்காவிட்டால் கட்டடமே போகும். இந்தப் பக்கத்தில் எரியாத சூளை என்று ஒன்று இருந்ததில்லை. இவர்களுடையது மட்டும் இருபத்தெட்டு வருஷமாக எரியவில்லை. காரணம் இங்வால்டின் மூக்கு என்பது ஏழு வீட்டுக்கும் வேதவாக்கு.

சூளையோடு விடுவதும் இல்லை. அரைத்த பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிடி குருணையைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு மூவாலுக்கு வருவார்கள். இங்வால்ட் அதை உள்ளங்கையில் கொட்டி, கண்ணை மூடி முகர்ந்து, தீர்ப்புச் சொல்வான். "வடக்கு மூலையில ஈர விறகு போட்டிருக்க." "முளையை ஒரு நாள் கூடுதலா விட்டுட்ட, உம் பொண்டாட்டி சொன்னதை நீ கேக்கல." வந்தவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். திட்டு வாங்கியதும் ஒரு பெருமைதான்.

இந்த ஊர்க்காரர்களின் ஒரு குணத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. மற்றவன் வடித்த பீரையோ, மற்றவன் கைத்திறமையையோ இவர்கள் வாய் திறந்து குறை சொல்ல மாட்டார்கள். டிசம்பர் இருபத்தொன்று, தோமையார் நாளன்று வீடு வீடாகப் போய்ப் புது பீரைக் குடித்துப் பார்ப்பார்கள். "குடிக்கலாம்" என்றால் அதற்கு மேல் புகழ்ச்சி இல்லை. "இந்த வருஷம் புது மாதிரி இருக்கு" என்றால் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். ஒரு வருஷம் ஒரு வீட்டில் சுத்தமாகப் புளித்துக் காடியாகவே போய்விட்டது. மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் ஆளுக்கு இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, பாலாடைக்கட்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். உண்மையைச் சொன்னால் ஒருத்தன் முகம் வாடும். முகம் வாடுவதைவிட வயிறு வாடுவது மேல் என்பது இவர்கள் கணக்கு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாதம், களஞ்சியத்துக்கு ஏறுகிற கல் சரிவில் பனிக்கட்டி உறைந்திருந்தது. இங்வால்ட் மல்லாக்க விழுந்தான். பின்மண்டை கல்லில் பட்டது. ட்ரோன்ஹெய்ம் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். தேதி கேட்டார்கள், ராஜா பேரைக் கேட்டார்கள், நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார்கள். எல்லாம் சரியாகச் செய்தான். பூ ஒன்றை மூக்கருகே நீட்ட யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷ அரவையின்போதுதான் ஒலாவாவுக்குத் தெரிந்தது. அவள் பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள், அவன் வாய்க்கால் போன்ற தகரத்துக்குக் கீழே கையை நீட்டினான். அதற்கு முன்பே நாற்றம் அவள் மூக்கில் ஏறியது. மூட்டைக்குள் ஒரு எலி செத்து, ஊறி, தானியத்தோடு தானியமாக அரைபட்டிருக்கிறது. இங்வால்ட் உள்ளங்கையை மூக்கில் வைத்து, கண்ணை மூடி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தான்.

"ம். இந்த வருஷம் மாதிரி எந்த வருஷமும் இல்ல" என்றான்.

ஒலாவா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். அவன் சிரிக்கவில்லை, விளையாடவும் இல்லை. குருணையைத் திரும்பத் தொட்டியில் போட்டுவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனான். ஒலாவா அந்த மூட்டையைப் பன்றிகளுக்குக் கொட்டினாள். சாயங்காலம் அவனிடம் சொன்னாள்:

"ஒரு மூட்டை கிழிஞ்சு சாணியில கொட்டிருச்சு."

"போகட்டும்" என்றான் அவன். எந்த மூட்டை, எப்படிக் கிழிந்தது என்று கேட்கவில்லை. வேறு நேரமாக இருந்தால் ஒரு பிடி பார்லி சிந்தினாலே ஒரு வாரம் புலம்புகிறவன். தனக்கு மூக்கு போனது அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அன்று உருளைக்கிழங்கும் உப்புமீனும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப்போனார்கள்.

அதற்குப் பிறகு மற்ற வீட்டுக் குருணை வரும்போது ஒலாவா முந்திக்கொண்டாள். கைக்குட்டையை வாங்கி அவள்தான் அவிழ்ப்பாள். அவிழ்க்கிற சாக்கில் ஒரு முகர்வு. நன்றாக இருந்தால், "காபி வைக்கட்டுமா?" என்று கேட்பாள். புகை கூடியிருந்தால், "காபி கடுங்காப்பியாத்தான் இருக்கு" என்பாள். ஈரவாடை இருந்தால், "பால் இல்லையே" என்பாள். யாரும் உட்கார்ந்து இதைப் பேசி வைக்கவில்லை. முதல் தடவை அவள் சொன்னபோதே இங்வால்ட் புரிந்துகொண்டு, கண்ணை மூடி, நீளமாக மூச்சிழுத்துத் தீர்ப்புச் சொன்னான். ஊர் நம்பியது. கல்லைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குகிறோம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு தீர்ப்புக்குப் பிறகும் அவன் முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பார்த்தால் அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஹால்வார் அதிகமாக வருவான். ஆறடி உயரம், வாய் மூடாத ஆள்.

"இங்வால்ட், உம் மூக்கை இன்ஷூர் பண்ணி வையப்பா. நீ செத்தா அதை மட்டும் வெட்டி எடுத்துச் சூளைச் சுவர்ல ஆணி அடிச்சிருவோம்."

"நீ எனக்கு முன்னால போயிருவ. திங்கிற பன்றிக்கறிக்கு."

"போனா என் சாவுக்கு உன் பீர்தான் ஊத்தணும். இப்பவே சொல்லிட்டேன்."

ஒலாவா அடுப்பருகே நின்று, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள்.

சூளையில் உட்காருகிற அரை நாட்கள்தான் அவளை வாட்டின. குருணையில் தப்பு நடந்தால் பீர்தான் கெடும். அங்கே தப்பு நடந்தால்? ஒரு நாள் மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கிய கம்பளிச் சாக்ஸ் கீழிறங்கி, இரும்பில் பட்டு, அரையடி கருகியிருந்தது. வீடு முழுக்க மயிர் பொசுங்கிய நாற்றம். அதற்கு நேர் கீழே இங்வால்ட் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தித்தாளில் மர விலை பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சாக்ஸை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். அந்தச் சத்தத்துக்குத்தான் அவன் நிமிர்ந்தான்.

அன்று கேட்டேவிட்டாள்.

"இங்வால்ட், சூளைக்காரன் வேலையை வேற யாருக்காவது குடுத்துரலாம். உனக்கும் வயசாச்சு."

"யாருக்குக் குடுக்கிறது?"

"ஹால்வாருக்குக் குடேன்."

"ஹால்வாரா? சாணிக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கு அது."

உனக்குத் தெரியுமா என்ற கேள்வி அவள் நாக்கு நுனி வரை வந்தது. அவன் செய்தித்தாளைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. கேட்டிருந்தால் முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அவன் அழுதிருப்பான். அவள் கேள்வியை விழுங்கிவிட்டு ஈரச் சாக்ஸைப் பிழிந்தாள்.

எனவே ஒரே வழிதான் இருந்தது. அவன் சூளைக்குப் போகும்போதெல்லாம் அவளும் போனாள். பின்னல் ஊசியையும் கம்பளி உருண்டையையும் எடுத்துக்கொண்டு தீக்குழிக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். வாசனை லேசாக மாறினாலும் ஊசியை நிறுத்தி, "சூடா இருக்கு" என்பாள். அவன் விறகை இழுப்பான். ஊர்ப் பெண்கள் கேலி செய்தார்கள்.

"ஏன் ஒலாவா, அறுபது வயசுக்காரனை எவளாவது தூக்கிட்டுப் போயிருவாளா?"

"தூக்கட்டும், முதுகு பிடிச்சுக்கும். அதான் பாவமேன்னு கூடப் போறேன்" என்பாள். இரண்டு இலையுதிர் காலம் இப்படிப் போனது. அவள் பின்னிய சாக்ஸ்கள் ஏழு வீட்டுக் கால்களிலும் இருந்தன.

மூன்றாவது வருஷம் மழை விடவில்லை. அறுப்பு தள்ளிப்போனது, முளைகட்டுவது தள்ளிப்போனது, சூளை முறைகள் எல்லாம் தள்ளிப்போயின. விறகும் ஈரம். அந்த வருஷ மால்ட்டில் எல்லாருக்குமே புகை தூக்கலாக ஏறியிருந்தது. கடைசி முறை ஹால்வாருடையது, டிசம்பர் ஐந்தாம் தேதிக்கு வந்து நின்றது. அதே ஐந்தாம் தேதி ஒலாவா தன் வீட்டு மால்ட்டை அரைத்தாக வேண்டும். ஆறாம் தேதி வடித்தால்தான் தோமையார் நாளுக்குப் பீர் பக்குவமாகும். சூளைக்காரன் வீட்டில் அன்றைக்குக் கிண்ணம் காலியாக இருந்தால் அதைவிடக் கேவலம் இல்லை.

"நீ முன்னால போ. ரெண்டே மூட்டைதான், அரைச்சிட்டுப் பின்னாலயே வர்றேன்" என்றாள்.

"நீ வராட்டியும் ஒண்ணுமில்ல" என்றான் இங்வால்ட். தொப்பியை மாட்டிக்கொண்டு, வாசலில் ஒரு கணம் நின்றான். "சீக்கிரம் வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போனான். மதியம் பன்னிரண்டு மணி. வெளியே பனி தூவிக்கொண்டிருந்தது.

முதல் மூட்டை வெண்ணெய் மாதிரி ஓடியது. இரண்டாவது மூட்டையில் உருளையின் ஒரு பக்கத் திருகு தளர்ந்துவிட்டது. பாதித் தானியம் உடையாமல் இறங்கியது. அதைக் கவனிக்காமல் கால் மூட்டை ஓட்டிவிட்டாள். திருகை இறுக்கி, சீட்டை நுழைத்துப் பார்த்து, இறங்கியதையெல்லாம் அள்ளி மறுபடி கூம்பில் கொட்ட வேண்டியதாயிற்று. அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் அரைகுறை அரவையை அவள் கை விட்டதே இல்லை. பனிக்காற்று தூசியைக் கிளப்புகிறது என்று ஜன்னல் பலகையைச் சாத்தினாள். விளக்கை ஏற்றினாள். பிடி சுற்றியது, உருளை உறுமியது, அறை முழுக்க வெள்ளைத் தூசி பறந்தது.

இடையில் ஒரு தடவை அவளுக்குப் புகை வாசனை அடித்தது. கையை நிறுத்தாமலே மூக்கைச் சுருக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது, இந்தத் தடவை தீய்ந்த ரொட்டி வாசனையும் கலந்து. அவள் நிறுத்தினாள். தொட்டியிலிருந்து ஒரு பிடி குருணையை அள்ளி முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். ஆல்டர் புகை, வறுவல், தூசி. இந்த வருஷ மால்ட் இப்படித்தானே. 'நல்லா ஏறியிருக்கு புகை' என்று நினைத்துக்கொண்டு, திருப்தியாக, மறுபடி சுற்ற ஆரம்பித்தாள்.

புகையில் காய்ந்த தானியத்தை அரைக்கிறவளுக்குப் புகை வாசனை ஒரு செய்தியே இல்லை. ஏழு வீட்டில் மீதி இருந்த ஒரே நல்ல மூக்கு அன்றைக்கு மால்ட் தூசிக்குள் புதைந்து கிடந்தது.

கடைசிப் பிடி விழுந்தது. உருளையைத் தூரிகையால் சுத்தம் செய்தாள், தொட்டியை மூடினாள், முகத்தைக் கழுவினாள். கழுவிய பிறகும் வாசனை போகவில்லை. அவள் பாய்ந்துபோய் ஜன்னல் பலகையைத் திறந்தாள். மூன்று மணிக்கே இருட்டிவிடுகிற காலம். ஓடைப் பக்கம் மட்டும் இருட்டவில்லை.

அவள் எப்படி ஓடினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. போய்ச் சேர்ந்தபோது கூரை உள்ளே விழுந்திருந்தது. நாலைந்து பேர் வாளியோடு நின்றார்கள், வீசுகிற தூரத்துக்கு யாராலும் கிட்டே போக முடியவில்லை. இங்வால்ட் பனியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் மணிக்கட்டு வரை பனிக்குள் புதைத்து வைத்திருந்தான். பக்கத்தில் கம்பளியால் மூடி ஹால்வாரைக் கிடத்தியிருந்தார்கள். இரண்டு ராத்திரி ஒரு பகல் காய்ச்சலோடு தீ காத்தவன், சூளைக் கட்டடத்தின் மேல் பரணில் கதகதப்பான இடத்தில் சாக்கு மேல் படுத்துத் தூங்கியிருக்கிறான். தீ அவனைத் தொடவே இல்லை. தூக்கத்திலேயே புகை முடித்துவிட்டது. இங்வால்ட் மூன்று தடவை ஏணியில் ஏறி, மூன்றாவது தடவை அவனைத் தோளில் போட்டு இறக்கியிருக்கிறான்.

ஹால்வாரின் பொண்டாட்டி கீடா தலைமாட்டில் நின்றாள். அழவில்லை. தொப்பி போட மறந்து வந்திருந்ததால் தலைமுடியில் பனி விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் போலீஸ்காரர் வந்து விசாரித்தார். "ஒரு வாசனையும் வரலையா?" என்று கேட்டார்.

"வரல. ஒரு வாசனையும் வரல" என்றான் இங்வால்ட். கட்டுப்போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். ஏழு வீட்டுக்கும் அது போதுமானதாக இருந்தது. இங்வால்டுக்கே வரவில்லை என்றால் அது வாசனையே வராத தீ. அடியில் எங்கோ பழைய உத்தரம் உள்ளுக்குள்ளேயே கனன்றிருக்கும், யாராக இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஒலாவா இதை ஐந்து வீட்டு வாயிலிருந்தும் கேட்டாள். சிலர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

சாவு வீட்டுக்குப் பீர் வேண்டும். ஹால்வாரின் மால்ட் சூளையோடு எரிந்துவிட்டது. வழக்கப்படி சூளைக்காரன் வீட்டிலிருந்துதான் கொடுக்க வேண்டும். ஐந்தாம் தேதி ஒலாவா அரைத்து வைத்த அதே குருணைதான் போனது. இங்வால்டால் கரண்டியைப் பிடிக்க முடியாததால், வழக்கத்தை மீறி, அவளே வடித்தாள். வடிகட்டுவதற்கு ஜூனிப்பர் செடியின் கிளையைத் தொட்டியில் பரப்பி, குருணையைக் கொட்டி, வெந்நீரை ஊற்றினாள். ஒரு தடங்கல் இல்லாமல் தேன் நிறத்தில் இறங்கியது. அவ்வளவு நல்ல அரவை. அவளுக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

சாவு விருந்தில் ஒவ்வொருவராகக் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார்கள். "குடிக்கலாம்" என்றார்கள். கீடாவும் குடித்தாள்.

ஜனவரி கடைசியில் ஐந்து வீட்டு ஆண்கள் மூவாலுக்கு வந்தார்கள். மரம் அறுக்க ஆள் பார்த்தாயிற்று, வசந்தத்தில் புதுச் சூளை எழும்பும். சுற்றி வளைத்து, பனியைப் பேசி, ஆட்டுக்குட்டியைப் பேசி, கடைசியில் ஒருவன் விஷயத்துக்கு வந்தான்.

"சூளைக்காரன் யாருன்னு பேச வேண்டியதில்லைன்னு நினைக்கிறோம், இங்வால்ட். நடந்ததுக்காக நீ ஒதுங்கிரக் கூடாது."

அடுப்பருகே ஒலாவா காத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடு. மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டாம், கை சரியில்லை என்று சொல், வயசைச் சொல், என்னத்தையாவது சொல். இங்வால்ட் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தோல் இன்னும் சிவப்பாக, மெல்லிசாக இருந்தது.

"சரி" என்றான். "நாளைக்கு ஏழு வீட்டுக் கூட்டத்துல சொல்லிருங்க."

அவன் ஒலாவாவை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கோட்டை எடுத்து மாட்டினாள். வந்தவர்களுக்குக் காபி ஊற்றாமலே வெளியே போனாள். ஓடைப் பாலத்தைத் தாண்டி, கரிக்கட்டையாகக் கிடந்த சூளையைத் தாண்டி, ஹால்வார் வீட்டுக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

கீடா சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கீடா, இங்வால்டுக்கு மூக்கு இல்ல" என்றாள் ஒலாவா. மூச்சு வாங்கியது. "பனியில விழுந்ததுலேர்ந்து ஒரு வாசனையும் தெரியாது. மூணு வருஷமா. எனக்குத் தெரியும். நான்தான் மறைச்சேன்."

கீடா கத்தியைக் கீழே வைக்கவில்லை. "உக்காரு" என்றாள்.

"மறுபடி அவனையே வைக்கப் போறாங்க. நாளைக்குக் கூட்டம். அங்கே நான் சொல்லிரப் போறேன். அதுக்கு முன்னால உங்கிட்ட சொல்லணும். நீ என்னை என்ன வேணா செய்."

"சொல்லு. சொல்லத்தான் வேணும். நானும் வர்றேன்." கீடா இன்னொரு கிழங்கை எடுத்தாள். "ஹால்வாருக்குத் தெரியும்."

ஒலாவாவுக்குக் கேட்டது, புரியவில்லை.

"முதல் வருஷமே தெரியும். ரோட்டுல வச்சு இங்வால்டுகிட்ட ஒரு பிடி குருணையைக் குடுத்திருக்கான். கைக்குட்டை மண்ணெண்ணெயில விழுந்திருக்கு, இவன் கவனிக்கல, பிரிச்சப்பதான் இவனுக்கு நாத்தம் அடிச்சிருக்கு. இங்வால்ட் முகர்ந்துட்டு, அருமைன்னு சொல்லியிருக்கான். வீட்டுக்கு வந்து சிரிச்சான். அப்புறம் யோசிச்சான். அதுக்கப்புறம் சிரிக்கல."

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

ஒலாவா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இருபத்தெட்டு வருஷம் சம்பாதிச்ச பேரு, அதைப் பிடுங்க நான் யாருன்னான். ஒலாவா கூடவே உக்காந்திருக்கா, அவ மூக்கு நல்ல மூக்குதான், போதும்னான். ஒரு தடவைகூட இங்வால்டைத் தனியா விட்டதில்ல, கவனிச்சிருக்கியா? நீ வர்றவரைக்கும் பக்கத்துலயே நின்னு கதை அடிச்சிட்டிருப்பான்."

"அப்போ அன்னைக்கு ஏன் தூங்கினான்?" என்றாள் ஒலாவா. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டாள். "தெரிஞ்சும் ஏன் மேல போய்ப் படுத்தான்?"

கீடா கத்தியை மேசையில் வைத்தாள்.

"காய்ச்சல்ல நிக்க முடியாம நின்னான். நான் கஞ்சி கொண்டு போயிருந்தேன். இங்வால்ட் வந்தான். ஒலாவா எங்கேன்னு இவன் கேட்டான். பின்னாலயே வர்றாள்னு இங்வால்ட் சொன்னான். இவன் என்னைப் பார்த்தான். அதான் அவ வர்றாளே, நீ போய்ப் படுன்னு நான்தான் சொன்னேன். ஏணியில ஏறிப் போய்ப் போர்த்தியும் விட்டேன்."

ஒலாவா அந்தக் கத்தியை எடுத்து, ஒரு கிழங்கை உரிக்கத் தொடங்கினாள். உரிக்காத கிழங்குகள் இன்னும் பாதிக் கூடை இருந்தன.